இரண்டாவது பயிர்: சிங்கப்பூரின் சிறு பண்ணைகள் பிழைத்த கதை

ஆர்ச்சர்ட் சாலையில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பொருள் நினைவுக்கு வரும்? ஆர்ச்சர்ட் என்றால் பழத்தோட்டம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தச் சாலையின் இருமருங்கிலும் ஜாதிக்காய் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. தோட்ட முதலாளிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அரசாங்க மருத்துவரான தாமஸ் ஆக்ஸ்லி அவர்களில் ஒருவர். அஞ்சல் துறையில் பணியாற்றிய வில்லியம் கப்பேஜ் மற்றொருவர். ஆக்ஸ்லி சாலை, கப்பேஜ் சாலை என்ற பெயர்களில் அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நட்ட மரங்கள்தான் இல்லை.

ஜாதிக்காய் மரம் காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை செலவு மட்டும்தான். உத்தியோகச் சம்பளமோ வியாபார வருமானமோ உள்ளவர்களுக்கு அந்தக் காத்திருப்பு கடினமாகத் தெரியவில்லை. இருந்த முதலை எல்லாம் அந்த ஒரே மரத்தில் போட்டார்கள். 1850களில் மரங்களை ஒரு நோய் தாக்கியது. கிளைகள் நுனியிலிருந்து பட்டுப்போயின. அடுத்த சில ஆண்டுகளில் தீவின் ஜாதிக்காய்த் தொழிலே முடிந்துவிட்டது. தோட்டங்கள் துண்டு துண்டாகி வீட்டு மனைகளாயின.

அதே காலத்தில் தீவின் வடக்கிலும் மேற்கிலும் காட்டுக்குள் வேறு வகை விவசாயம் நடந்துகொண்டிருந்தது. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் தியோச்சியூ சீனர்கள். அவர்களிடம் முதல் கிடையாது. காத்திருக்கவும் முடியாது. ஆகவே அவர்கள் ஒரு பயிரை நம்பவில்லை. இரண்டு பயிர்களைச் சேர்த்து நட்டார்கள்.

ஒன்று, நம்மவர்கள் வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் காசுக்கட்டி. மலாயில் இதன் பெயர் காம்பிர். இலையைப் பறித்துப் பெரிய கொப்பரையில் கொதிக்க வைத்து, சாற்றை வற்றவைத்தால் கட்டியாகும். தோல் பதனிடவும் சாயத் தொழிலுக்கும் அது தேவைப்பட்டது. 1819இல் ராஃபிள்ஸ் இங்கு வந்து இறங்கியபோதே இருபதுபோல காம்பிர்த் தோட்டங்கள் தீவில் இருந்தன. மற்றொன்று மிளகு.

இந்த இரண்டும் சேர்ந்த விதத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். காம்பிர்ச் செடியை நட்டு ஓராண்டு கடந்ததும் இலை பறிக்கத் தொடங்கலாம். பிறகு ஆண்டு முழுவதும் பறித்துக் காய்ச்சலாம். கைச்செலவுக்கு அது போதும். மிளகுக் கொடிக்கு மூன்று ஆண்டு வேண்டும். அதோடு அது எரு கேட்கும் பயிர். கொதிக்க வைத்துச் சாறு எடுத்த பிறகு மிஞ்சும் காம்பிர் இலைச்சக்கையை மிளகுக் கொடியின் அடியில் போட்டார்கள். அது எருவாகவும் இருந்தது, களையையும் அடக்கியது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாயிற்று. மிளகு விலை விழுந்தால் காம்பிர் தாங்கும். காம்பிர் விலை விழுந்தால் மிளகு தாங்கும்.

லிம் சூ காங், சுவா சூ காங், இயோ சூ காங் என்று இன்றும் நாம் சொல்லும் இடப்பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். ‘காங்’ என்பது ஆற்றைக் குறிக்கும் தியோச்சியூ சொல். ஆற்றங்கரைத் தோட்டங்களின் தலைவர் ‘காங்சூ’ எனப்பட்டார். லிம், சுவா, இயோ ஆகியவை குலப்பெயர்கள்.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிடக் கூடாது. நகரத்துத் தவுக்கேகள் அரிசியும் அபினும் முன்கடனாகக் கொடுத்துவிட்டு, விளைச்சலைத் தாங்கள் சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கொப்பரை அடுப்புக்கு விறகு வெட்டி வெட்டிக் காடு அழிந்தது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண்ணும் சத்திழந்தது. விவசாயிகள் கூட்டம் கூட்டமாக நீரிணையைக் கடந்து ஜொகூருக்குப் போனார்கள். இரண்டு பயிர் அவர்களை விலைச் சரிவிலிருந்து காப்பாற்றியது. கடனிலிருந்து காப்பாற்றவில்லை.

ரப்பருக்கு முன் அன்னாசி

கைவிடப்பட்ட காம்பிர் நிலங்களுக்கு ரப்பர் வந்தது. 1877இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்ரி ரிட்லி அதைப் பயிரிடும்படி தோட்டக்காரர்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ரப்பரிலும் அதே பழைய சிக்கல்தான். பால் வெட்ட ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இடைவெளியை நிரப்பியது அன்னாசி. இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே வெயில் விழும் நிலம் சும்மா கிடக்கிறது. அதில் அன்னாசியை நட்டால் ஒன்றரை ஆண்டில் பழம். ரப்பர் வளர்ந்து நிழல் விழும்போது அன்னாசியின் வேலை முடிந்துவிடும். இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட்டவர் லிம் நீ சூன் (1879–1936). ரப்பரும் அன்னாசியும் சேர்ந்து அவரைச் செல்வந்தராக்கின. அவருடைய பெயரைத்தான் இன்று ஈசூன் என்று மாண்டரின் உச்சரிப்பில் சொல்கிறோம். அவரைப் பார்த்துச் சிறு நிலக்காரர்களும் அதையே செய்தார்கள். அன்னாசி டப்பாக்கள் சிங்கப்பூர் ஆலைகளிலிருந்து கப்பலேறின. மண்டாய், செம்பவாங் பகுதிகளின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழர்களும் வட இந்தியர்களும் வேறொரு தொழிலிலும் இருந்தார்கள். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் கண்டாங் கெர்பாவ் என்ற இடம் உண்டு. எருமைத் தொழுவம் என்பதே அதன் பொருள். பஃப்பலோ ரோடு என்ற பெயரும் அப்படி வந்ததுதான். ரோச்சோர் ஆற்று நீரும் ஈரமான புல்வெளியும் மாடு வளர்க்க வசதியாக இருந்தன. மாடுகள் பால் கொடுத்தன, வண்டி இழுத்தன, செக்குச் சுற்றின. எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கு அவற்றுக்கே தீனியாயிற்று. மாட்டுக்காரர் என்றால் பால்காரர் மட்டுமல்லர். அவர் வண்டிக்காரர், தோல் வியாபாரி, இறைச்சி வியாபாரி எல்லாமாகவும் இருந்தார். சதுப்பு நிலம் வடிக்கப்பட்டு, நகராட்சியின் சுகாதார விதிகள் இறுகியபின் 1930களில் அந்தத் தொழில் அங்கே நலிந்தது. ‘தெக்கா’ என்று நாம் சொல்லும் பகுதியின் கடைத்தெருக்கள் அந்தத் தொழுவங்களின் மேல் எழுந்தவை.

குளமும் கூடாரமும் கீரைப் பாத்தியும்

சிங்கப்பூர்ச் சிறு பண்ணையின் மிகச் சிறந்த உருவம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. 1960களில் சுமார் 20,000 பண்ணைகள் இருந்தன. அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 14,000 ஹெக்டர். கணக்குப் போட்டால் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஹெக்டர்கூடத் தேறாது. பலருக்கு நிலம் சொந்தமும் இல்லை. வாடகை நிலம், அத்தாப்புக் கூரை, ஒரு கிணறு.

அந்தச் சிறிய நிலத்தில் என்ன செய்தார்கள்? பன்றிக் கொட்டகை ஒரு பக்கம். அதைக் கழுவும் நீர் வாய்க்கால் வழியே குளத்தில் விழும். குளத்தில் ஆகாயத் தாமரை மண்டும். நமக்கெல்லாம் தொல்லையான களை அது. அங்கே அது தீனி. அதை வெட்டி, சர்க்கரைவள்ளிக் கொடியோடும் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் சேகரித்த மிச்ச உணவோடும் சேர்த்து வேகவைத்துப் பன்றிக்குப் போட்டார்கள். குளத்தில் கெண்டை மீன் வளர்ந்தது. குளத்து நீரும் எருவும் கீரைப் பாத்திக்குப் போயின. பாத்தியில் சாய் சிம், கங்கோங். வேலியோரம் கோழியும் வாத்தும். கொல்லையில் ரம்புத்தான், தென்னை, பப்பாளி.

வருமானம் வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். முட்டைக் காசு அன்றாடம். கீரைக் காசு மாதம். பன்றி விற்ற காசு சில மாதங்களுக்கு ஒரு முறை. மீனும் பழமும் பருவத்துக்கு. பன்றிக்கு நோய் வந்த ஆண்டில் பிள்ளைகளின் பள்ளிச் செலவைக் கோழி பார்த்துக்கொண்டது. வெள்ளத்தில் கீரை போன மாதத்தில் முட்டை அரிசி வாங்கிக் கொடுத்தது. ‘பல தொழில் பண்ணை’ என்று பிற்காலத்தில் நிபுணர்கள் பெயர் வைத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அது பெயரில்லாத பிழைப்பு. இத்தகைய பண்ணைகள்தாம் ஒரு காலத்தில் இந்தத் தீவின் பன்றி இறைச்சி, கோழி, முட்டைத் தேவையைப் பூர்த்தி செய்தன. இறக்குமதி இல்லாமல் முட்டை சாப்பிட்ட சிங்கப்பூர் ஒன்று இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப யோசிப்பார்கள்.

இந்த முறையின் பலமே அதன் பலவீனமாகவும் ஆனது. பண்ணைக்குள் எருவாக இருந்த கழிவு, பண்ணைக்கு வெளியே மாசு. அடுக்குமாடி வீடுகள் பெருகின, குடிநீர்த் தேக்கங்கள் விரிந்தன. கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்காக அந்தப் பகுதிப் பன்றிப் பண்ணைகள் 1970களின் நடுவில் பொங்கோலுக்கு மாற்றப்பட்டன. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் படுகையையும் பத்தாண்டில் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். அந்தப் பணியில் மட்டும் காலாங் படுகையிலிருந்து 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன.

பொங்கோலுக்குப் போனவர்கள் சிமெண்டுக் கொட்டகை கட்டினார்கள். நவீன முறைப்படி வளர்க்கக் கற்றார்கள். கடன் வாங்கினார்கள். அவர்கள் வேரூன்றி ஏறத்தாழ பத்தாண்டு ஆகியிருக்கும். 1984இல் முதல் துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீ, பன்றி வளர்ப்பு படிப்படியாக முடிவுக்கு வரும் என்று அறிவித்தார். நிலம் அரிது, கழிவைச் சுத்திகரிக்கும் செலவு அதிகம், இறைச்சியை வெளியிலிருந்து வாங்கலாம் என்பவை காரணங்கள். நாட்டின் கணக்கில் அந்த முடிவுக்கு நியாயம் இருந்தது. நவீனமாக மாறுங்கள் என்று கேட்டுக்கொள்ளப்பட்டு, அப்படியே மாறிய குடும்பத்தின் கணக்கு வேறு. 1990 பிறந்தபோது பொங்கோலில் பன்றிப் பண்ணைகள் இல்லை.

பெரும்பாலான குடும்பங்கள் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு வீவக வீடுகளுக்குப் போயின. ஆலைக்கும் கடைக்கும் வேலைக்குப் போனார்கள். நடுவயதுக்காரர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது.

கொட்டகையில் மீன், கொட்டகையில் ஆடு

சிலர் மண்ணை விடவில்லை. 1980களின் பிற்பகுதியில் அரசாங்கம் லிம் சூ காங், முராய், சுங்கை தெங்கா, மண்டாய், நீ சூன், லோயாங் ஆகிய இடங்களில் வேளாண் தொழில்நுட்பப் பூங்காக்களை அமைக்கத் தொடங்கியது. நிலம் குத்தகைக்கு. காலவரையறை உண்டு. ஒவ்வொரு பண்ணைக்கும் குறிப்பிட்ட தொழில். பழையபடி பத்து வேலையை ஒரே கொல்லையில் செய்ய இடமில்லை. எனவே பல தொழில் என்பதற்குப் புதிய அர்த்தம் தேட வேண்டியதாயிற்று.

சியென் ஹூ நிறுவனத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சுங்கை தெங்காவில் பன்றி வளர்த்த குடும்பம் அது. பன்றி போனதும் அந்தச் சிமெண்டுக் கொட்டகைகளையே தொட்டிகளாக்கிக் கப்பி மீன் வளர்த்தார்கள். வெள்ளம் வந்து மீன்களை அடித்துக்கொண்டு போனது. பிறகு ஒரே ஒரு விலையுயர்ந்த மீன் வகையில் பணத்தைப் போட்டார்கள். அவை செத்துப்போயின. இரண்டு அடியும் பட்ட பிறகுதான் அந்தக் குடும்பம் வழியை மாற்றியது. மீன் வளர்ப்பதோடு நில்லாமல் பிறர் வளர்த்த மீனை வாங்கி விற்பது, ஏற்றுமதி செய்வது, தொட்டிக்கும் தீனிக்கும் மருந்துக்கும் தனிப் பிரிவு தொடங்குவது என்று கிளை விட்டது. 2000இல் நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. ஜாதிக்காய் முதலாளிகள் ஒரே மரத்தில் பட்ட அடியை இவர்கள் ஒரே மீனில் பட்டார்கள். முன்னவர்களால் மீள முடியவில்லை. இவர்கள் மீண்டார்கள்.

ஹே டெய்ரீஸ் குடும்பமும் பன்றி வளர்த்த குடும்பம்தான். 1988இல் ஆட்டுக்கு மாறியது. பால் தரும் ஆடுகளை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள். ஆட்டுப்பாலைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தாங்களே போத்தலில் அடைத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காலையில் பால் கறப்பதைப் பார்க்க வாசலைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஆட்டுக்குப் புல் கொடுப்பார்கள், பெற்றோர் பால் வாங்குவார்கள். பால் கறக்கும் நேரமே ஒரு காட்சியாகி அதற்கும் ஒரு வருமானம் வந்தது.

தவளைப் பண்ணையும் அப்படித்தான். இறைச்சி விற்பது முதல் தொழில். தவளையிலிருந்து எடுக்கும் ஹாஷிமா என்ற பொருளை இனிப்பாகத் தயாரித்துப் போத்தலில் விற்பது இரண்டாவது தொழில். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சுற்றிக்காட்டுவது மூன்றாவது.

2000இல் ஐவி சிங்-லிம், லிம் ஹோ செங் தம்பதியர் கிராஞ்சியில் பாலிவுட் வெஜிஸ் பண்ணையைத் தொடங்கினார்கள். லிம் ஹோ செங் ஃபேர்பிரைஸ் பேரங்காடி நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர். காய்கறியைப் பேரங்காடியில் விற்றவருக்கு, சிறு பண்ணை காய்கறியை மட்டும் விற்று இறக்குமதியோடு போட்டியிட முடியாது என்பது தெரியாமல் இருந்திருக்காது. அவர்களின் பண்ணையில் வாழைத்தோப்பு இருந்தது. அந்த வாழையும் கீரையும் அங்கேயே இருந்த உணவகத்தில் சாப்பாடாயின. சமையல் வகுப்பு, சுற்றுலா என்று பிற வேலைகளும் சேர்ந்தன. மலேசியாவிலிருந்து லாரியில் வரும் வாழைப்பழத்தோடு விலையில் மோத வேண்டியதில்லை. லாரியில் வர முடியாத ஒன்றை அவர்கள் விற்றார்கள். வாழைமர நிழலில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பிற்பகல் அது.

2005இல் அக்கம்பக்கத்துப் பண்ணைகள் சேர்ந்து கிராஞ்சி கிராமப்புறச் சங்கத்தை அமைத்தன. கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து பண்ணைகளைச் சுற்றிவரும் பேருந்து ஒன்று ஓடியது. தனியொரு பண்ணைக்கு அவ்வளவு தூரம் யாரும் வரமாட்டார்கள். ஆடு, தவளை, மீன், கீரை, சாப்பாடு என்று ஐந்து இருந்தால் குடும்பத்தோடு வருவார்கள். பழைய கொல்லையில் ஒரே குடும்பம் செய்த பல தொழிலை இப்போது பக்கத்துப் பண்ணைகள் பங்குபோட்டுச் செய்தன என்றே சொல்ல வேண்டும்.

காலம் என்ற கச்சாப்பொருள்

காம்பிருக்கு ஓராண்டு, மிளகுக்கு மூன்று, அன்னாசிக்கு ஒன்றரை, ரப்பருக்கு ஏழு. எந்தப் பயிரோடு எதைச் சேர்க்கலாம் என்ற கணக்கெல்லாம் காலக் கணக்கு. உணவகம் கட்டிய செலவை எடுக்கவும் ஆட்டுக்கூட்டத்தைப் பெருக்கவும் காலம் தேவை. இருநூறு ஆண்டுகளாகச் சிறு விவசாயி நோயையும் வெள்ளத்தையும் விலைச்சரிவையும் இரண்டாவது பயிரால் சமாளித்திருக்கிறார். குத்தகை முடியும் தேதியை எந்தப் பயிரால் சமாளிப்பது?

2014இல் லிம் சூ காங் வட்டாரத்தின் 62 பண்ணைகளுக்கு அந்தக் கேள்வி வந்தது. இராணுவப் பயிற்சிக்கு நிலம் தேவைப்படுவதால் குத்தகை நீட்டிக்கப்படாது என்று தெரிவிக்கப்பட்டது. கெடு முதலில் 2017 என்றார்கள். பிறகு 2019 என்றும், அதற்கும் பிறகு 2021 என்றும் தள்ளிப்போனது. கெடு தள்ளிப்போவது நல்லதுதானே என்று தோன்றும். பண்ணைக்காரர் இடத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி. இரண்டாண்டு கெடு உள்ள நிலத்தில் யார் புதுக் கொட்டகை கட்டுவார்? யார் கடன் கொடுப்பார்? மகனோ மகளோ படித்த வேலையை விட்டுவிட்டுப் பண்ணைக்கு வர எதை நம்பி முடிவெடுப்பார்? தள்ளித் தள்ளிக் கிடைத்த ஆண்டுகளை மொத்தமாக முதலிலேயே கொடுத்திருந்தால் சிலர் அவற்றைப் பயன்படுத்தியிருப்பார்கள்.

மாற்று நிலங்களுக்குப் பத்தாண்டுக் குத்தகை என்று முதலில் பேச்சு எழுந்தபோது பண்ணையாளர்கள் அது போதாது என்றார்கள். 2017இல் அது 20 ஆண்டாக உயர்ந்தது. ஏலமுறை மூலம் நிலம் வழங்கப்பட்டது. விலையைவிடத் திட்டத்தின் தரத்துக்கு முக்கியத்துவம் தரும் முறையும் வந்தது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள். ஆனால் குறைந்தபட்ச உற்பத்தி, உயர் தொழில்நுட்பம் என்ற நிபந்தனைகளோடு அவை வந்தன. நாட்டுக்கு உணவு வேண்டும், அதனால் நிலம் உணவை விளைவிக்கட்டும் என்பது அரசாங்கத்தின் பக்கம். நிலத்தின் ஒரு மூலையில் வரும் பார்வையாளர் காசுதான் மறுமூலையின் கீரையைக் காப்பாற்றுகிறது என்பது சிறு பண்ணையின் பக்கம்.

2019இல் ஓர் இலக்கு அறிவிக்கப்பட்டது. 2030க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்பது அது. 2020இல் கிருமித்தொற்றால் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தபோது பேரங்காடிகளில் நின்ற வரிசையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022இல் மலேசியாவின் கோழி ஏற்றுமதித் தடை கோழிச்சோற்றுக் கடைவரை எட்டியது. இலக்குக்கு நியாயம் இருந்தது. பெரும் முதலீட்டில், அடுக்கடுக்கான விளக்கொளியில், ஒரு சில கீரைகளை மட்டும் விளைவிக்க வந்த உள்ளரங்கப் பண்ணைகளில் சில சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. மின்கட்டணம் ஏறியது, இறக்குமதிக் கீரை மலிவாகவே இருந்தது. அவற்றிடம் இரண்டாவது பயிர் இல்லை. 2025 நவம்பரில் அந்த 30 விழுக்காட்டு இலக்கு கைவிடப்பட்டு, 2035ஐ நோக்கிய வேறு இலக்குகள் வைக்கப்பட்டன.

லிம் சூ காங்கில் இந்தியர் நடத்தும் பால் பண்ணை ஒன்று உண்டு. பல ஆண்டுகளாகப் பொங்கல் நெருங்கும்போது அங்கிருந்து பசுவும் கன்றும் லாரியில் ஏறி லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனுக்கு வருகின்றன. வைக்கோல் பரப்பிய கொட்டகைக்கு முன் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். சிலர் மாட்டை அவ்வளவு அருகில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பஃப்பலோ ரோடு அங்கிருந்து சில நிமிட நடைதான். விழா முடிந்ததும் மாடுகள் மறுபடியும் லாரியில் ஏறி லிம் சூ காங்குக்குத் திரும்புகின்றன.